இருபத்திரண்டு வரி

ஜூன் 3, திங்கள்

பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி என்னைக் கேட்டாள்: "மேடம், ஒரு வேலையைப் பாதியில நிறுத்திட்டு இன்னொண்ணுக்குப் போறோமே, நிறுத்தினது அந்த மொத வேலைக்குத் தெரியுமா?"

அவள் பெயர் மறந்துவிட்டது. கேள்வி மறக்கவில்லை. "தெரியவே கூடாது. தெரியாதபடி செய்வதுதான் நம் வேலை" என்றேன். எனக்கு உதாரணம் இல்லாமல் பேச வராது. விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கிறேன், வாசலில் மணி அடிக்கிறது. எழுந்திருக்கும் முன் ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொள்கிறேன்: எத்தனையாவது தாள், எத்தனையாவது கேள்வி, இதுவரை கூட்டிய மதிப்பெண் எவ்வளவு. திரும்பி வந்து அதைப் பார்த்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால், நான் எழுந்து போனதே அந்தத் தாளுக்குத் தெரியாது. கூட்டிய மதிப்பெண்ணை மட்டும் குறிக்க மறந்தால்? அப்போதும் தாளுக்குத் தெரியாது. ஆனால் ஒரு பிள்ளை ஃபெயிலாகிவிடும்.

ஒரு சின்னக் கணினிச் சில்லு இப்படி எழுந்து போவதையும் திரும்பி வருவதையும் நொடிக்கு ஆயிரம் தடவை செய்கிறது. பாடப்புத்தகத்தில் இதற்குச் சூழல் மாற்றம் என்று பெயர். வகுப்பில் 'சுவிட்ச்' என்போம். அந்த சுவிட்சுக்கு நான் எழுதிய நிரல் சரியாக இருபத்திரண்டு வரி. ஒரு கரும்பலகையில் அடங்கவேண்டும் என்பது என் விதி. பாதியை அழித்துவிட்டு மீதியை எழுதினால், பிள்ளைகள் அழித்த பாதியை மறந்துவிடுவார்கள். இருபத்திரண்டு வரியோடு சேர்த்து நான் எழுதிய குட்டி இயங்குதளம் இன்றும் நோட்ஸாக ஜெராக்ஸ் கடையில் கிடைக்கிறது என்று கேள்வி.

காலையில் என் பழைய மாணவன் நாச்சிமுத்து வந்தான். தலை நரைத்துவிட்டது, எனக்கு இன்னும் 'அவன்'தான். கணபதி ஏரியாவில் மின் சக்கர நாற்காலி செய்யும் பட்டறை வைத்திருக்கிறான். நாற்காலிக்குள் ஓடுவது என் இயங்குதளம். ஆறு வருடமாகப் பழைய மாடல் ஓடுகிறது, ஒரு புகார் கிடையாது. இப்போது புது மாடல். ஒரு அறக்கட்டளை நாற்பது நாற்காலி கேட்டிருக்கிறது. ஜூலை ஆறாம் தேதி விழா வைத்துக் கொடுக்கிறார்கள். சோதனைக்காக முதல் நாற்காலியை ஹசீனா என்ற பெண்ணிடம் மூன்று மாதம் முன்பே கொடுத்தார்கள். தனியார் மருத்துவமனை ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டர். விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வு போனவர். போன வாரம் மருத்துவமனைச் சரிவுப் பாதையில் நாற்காலி திடீரென்று பாய்ந்து சுவரில் மோதியிருக்கிறது. இடது மணிக்கட்டு எலும்பு முறிவு.

நாற்காலியின் நினைவகத்தில் மோட்டாருக்குப் போன வேகம் மட்டும்தான் பதிவாகும், கைப்பிடி எங்கே இருந்தது என்பது பதிவாகாது. வேகம் சட்டென்று ஏறியிருக்கிறது. அப்படியானால் கைப்பிடியை அவர் தள்ளியிருக்கிறார். வேறு என்ன?

"பயனாளரின் கை தவறியதால் நேர்ந்தது" என்று அறிக்கை. தொழில்நுட்ப ஆலோசகர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். அவன் போனபின், ஓய்வு பெற்றதிலிருந்து தொடாத டைரியைத் தேடி எடுத்தேன். ஏனென்று தெரியவில்லை.

ஜூன் 4, செவ்வாய்

பத்து நாளைக்குப் பிறகு தண்ணீர் வந்தது. எல்லாப் பாத்திரத்திலும் பிடித்தாயிற்று.

ஜூன் 6, வியாழன்

ஹசீனாவைப் பார்க்கப் போனேன். நான் போகத் தேவையில்லை என்றுதான் நாச்சிமுத்து சொன்னான். அறிக்கையில் கையெழுத்துப் போட்டவள் ஒரு தடவை முகத்தைப் பார்க்க வேண்டாமா?

டெலிபோன் அறை மருத்துவமனையின் பின்பக்கம், சரிவுப் பாதையின் உச்சியில். பழைய கைத்தள்ளு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். இடது கையில் மாவுக்கட்டு, வலது கையில் பேனா, காதில் ஹெட்போன்.

"சித்த லைன்ல இருங்க... வாங்க மேடம், உக்காருங்க... இல்லீங்க, உங்களச் சொல்லல, நீங்க லைன்லயே இருங்க."

எதிரே அட்டைகள் வரிசையாக இருந்தன. காத்திருக்கும் ஒவ்வொரு அழைப்புக்கும் ஓர் அட்டை: யார், எந்த வார்டு, என்ன கேட்டார், எதுவரை சொன்னோம். ஆறு பேரிடம் மாறி மாறிப் பேசிக்கொண்டே என்னிடமும் பேசினார். எவரிடமும் "எங்கே விட்டேன்?" என்று கேட்கவில்லை. நான் மலைத்துப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வார்டுல இருந்து நேரா வெளிய பேச முடியாதுங்களா?" என்று கேட்டேன்.

"முடியாதுங்க. ஒன்பத அமுக்குனா எனக்கு வரும். நாந்தான் போட்டுக் குடுக்கோணும். இல்லாட்டி ஆளாளுக்கு துபாய்க்குப் பேசிருவாங்க."

சிஸ்டம் கால் என்பதற்கு இத்தனை நல்ல உதாரணம் முப்பது வருடத்தில் எனக்குத் தோன்றவில்லை. நாற்காலிக்குள்ளும் எந்தப் பணியும் மோட்டாரை நேராகத் தொட முடியாது. இயங்குதளத்தைக் கூப்பிட்டு, "இந்த வேகம் போட்டுக் கொடு" என்று கேட்கவேண்டும்.

பிறகு விஷயத்துக்கு வந்தேன். கை நழுவியிருக்குமோ என்று பக்குவமாகத்தான் கேட்டேன். பேனாவைக் கீழே வைத்தார்.

"மேடம், இருவது வருஷமா இந்த ஸ்விட்ச் போர்டுல ஒரு லைன் மாத்திப் போட்டதில்ல. அந்தக் கை ஒரு கைப்பிடியில நழுவுமா?" என்றார். "அது மோதறதுக்கு முன்னாடியே நாலு வாட்டி இழுத்துச்சுங்க. நான் பாத்துட்டேதான் இருந்தேன். பேட்டரி நம்பர் மாறும் பாருங்க, எழுவத்தி மூணு எழுவத்தி ரெண்டாகும்போது, அப்பத்தான் இழுக்கும். ஒவ்வொரு வாட்டியும் இல்ல. ஆனா இழுத்தா அப்பத்தான். நாச்சிமுத்து சார்கிட்டச் சொன்னேன். சிரிச்சாரு."

நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். பேட்டரி எண்ணைத் திரையில் காட்டுவது ஒரு பணி. வேகத்தைக் கணக்கிடுவது வேறு பணி. ஒன்றின் பேச்சு மற்றதற்குக் கேட்காது. அதைத்தான் அந்த இருபத்திரண்டு வரி செய்கிறது. மக்களுக்கு இரண்டு விஷயம் ஒன்றாக நடந்தால் ஒன்றுதான் மற்றதைச் செய்தது என்று தோன்றிவிடும்.

வெளியே வரும்போது நிர்வாக அலுவலர் பிடித்துக்கொண்டார். அறிக்கையைப் படித்தாராம். நோயாளிகள் நடமாடும் இடத்தில் கை நடுங்குகிறவரை எப்படி வைத்துக்கொள்வது என்று கேட்டார். கை நடுங்குகிறது என்று நாங்கள் எழுதவில்லை என்றேன். "தவறியதுன்னு எழுதியிருக்கீங்களே" என்றார்.

ஜூன் 8, சனி

பட்டறைக்குப் போனேன். கையெழுத்துப் போட்டாயிற்று, இருந்தாலும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்றேன். நாச்சிமுத்து ஏன் என்று கேட்கவில்லை, டீ வாங்கிவரச் சொன்னான்.

ஹசீனாவின் நாற்காலியை மரக்கட்டை மேல் தூக்கி வைத்து, சக்கரத்தை அந்தரத்தில் சுழலவிட்டோம். மூன்று மணி நேரம். துளி பிசகில்லை.

உள்ளே மூன்று பணிகள். கைப்பிடியைப் படிப்பது ஒன்று, வேகத்தைக் கணக்கிடுவது ஒன்று, பேட்டரியைப் பார்ப்பது ஒன்று. சில்லு ஒன்றே ஒன்று. அடுப்படியில் ஒரே ஆளாக நான் நிற்பது போல. பாலைப் பார்த்து, தோசையைத் திருப்பி, குக்கர் சத்தம் எண்ணி. பாலுக்குத் தான் மட்டுமே கவனிக்கப்படுவதாக நினைப்பு. தோசைக்கும் அப்படியே.

பழைய மாடலுக்கும் புதிதுக்கும் என்ன வித்தியாசம் என்று பட்டியல் போடச் சொன்னேன். மோட்டார் புதிது. கைப்பிடி புதிது. திரை புதிது. சில்லு புதிது, தசமக் கணக்கை வேகமாகப் போடும்.

நிரல் முழுவதும் அச்செடுத்து வாங்கி வந்திருக்கிறேன். நூற்று நாற்பது பக்கம். வரி வரியாகப் படிக்கப்போகிறேன். சுவிட்ச் இருக்கும் பக்கத்தை மட்டும் அவனிடமே விட்டுவிட்டு வந்தேன். எனக்கு அது மனப்பாடம்.

ஜூன் 9, ஞாயிறு

52 பக்கம். என் வீட்டுக்காரர் வேலைக்காரம்மாவைப் போலத் துணி மடித்து வைத்துவிட்டு, "டீச்சர் பரீட்சைக்குப் படிக்கறாங்க, சத்தம் போடாதீங்க" என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வந்தார். சாயங்காலம் சாரல்.

ஜூன் 11, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன்!

பக்கம் 97. நாச்சிமுத்துவின் ஆட்கள் எழுதிய சிஸ்டம் கால். வேகம் வேண்டும் என்று ஒரு பணி கேட்டால், கேட்டது உச்ச வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்க்காமலே கொடுத்துவிடுகிறது. ஒன்பதை அழுத்தினால் போதும், எந்த நாட்டுக்கு என்று கேட்காமல் இணைப்புக் கொடுக்கிற ஆபரேட்டரைப் போல. போன் போட்டு விளாசிவிட்டேன். "இது முதல் பருவப் பாடம் நாச்சிமுத்து. வெளியிலிருந்து வரும் எதையும் நம்பாதே என்று எத்தனை தடவை சொல்லியிருக்கேன்!"

"ஆமாங்க மேடம். தப்புதானுங்க. இன்னிக்கே மாத்தறனுங்க."

நல்ல பையன். வாதாடமாட்டான்.

ஜூன் 12, புதன்

கேசரி கிண்டினேன். இவர் மூன்று தடவை போட்டுக்கொண்டார்.

ஜூன் 15, சனி

வரம்புச் சோதனையைச் சேர்த்தாயிற்று. இன்று ஹசீனாவைப் பட்டறைக்கு வரவழைத்தோம். அவர் ஓட்டினால்தான் அவருக்கு நம்பிக்கை வரும் என்று சொன்னது நான்தான். லாரியில் சாமான் ஏற்றும் சரிவு மேடை இருக்கிறது. அடியில் பழைய டயர்களை அடுக்கி வைத்தோம்.

ஏறினார், இறங்கினார். ஏறினார், இறங்கினார். ஏழாவது தடவை, இறங்கும்போது, உரக்கச் சொன்னார்: "எண்பத்தி நாலு, பாருங்க, மாறப்போவுது."

நாற்காலி பாய்ந்தது. டயரில் போய் மோதி நின்றது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் கை கைப்பிடியில் இல்லை. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி வைத்திருந்தார், போலீஸைப் பார்த்த திருடனைப் போல.

"கை நழுவிருச்சுங்களா மேடம்?" என்று கேட்டார்.

அவரை ஆட்டோவில் ஏற்றி அனுப்பியபின் நாச்சிமுத்து தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "மேடம்... அந்த சுவிட்ச் பக்கத்த ஒருக்காப் பாத்தரலாமுங்களா?"

"அது பத்தொன்பது வருஷமா ஓடுது" என்றேன்.

"ஆமாங்க."

"முன்னூறு பேருக்குப் பாடம் நடத்தியிருக்கேன்."

"ஆமாங்க மேடம். நானும் படிச்சனுங்க."

குரல் உயர்ந்துவிட்டது என்று இப்போது தோன்றுகிறது. அந்தப் பக்கத்தில் தவறு ஒன்றும் இல்லை.

ஜூன் 16, ஞாயிறு

தலைவலி. எங்கும் போகவில்லை.

ஜூன் 17, திங்கள்

மோட்டார் கம்பி, கைப்பிடியின் மின் இணைப்பு, பேட்டரி எல்லாவற்றையும் சோதிக்கச் சொல்லியிருக்கிறேன். காஸ் புக் பண்ணினேன். நூற்று நாற்பது பக்கத்தையும் இரண்டாம் தடவை படிக்க ஆரம்பித்திருக்கிறேன்.

ஜூன் 19, புதன்

மதியம் ஹசீனா போன் செய்தார். மருத்துவமனையில் கடிதம் கொடுத்துவிட்டார்கள். மின் நாற்காலியை வளாகத்துக்குள் கொண்டுவரக் கூடாது. ஒரு கை மாவுக்கட்டில் இருக்கும்போது கைத்தள்ளு நாற்காலியில் சரிவு ஏற முடியாது. தினமும் ஒரு வார்டு பாய் தள்ளிவிடுவதை அனுமதிக்க முடியாது. இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் ஏற்பாடு ஆகாவிட்டால் வேறு ஆளைப் போடுவார்களாம். எல்லாவற்றுக்கும் ஆதாரமாக என் கையெழுத்து.

"அன்னிக்கு நான் கையத் தூக்கிக் காட்டினனே மேடம். அத யாராச்சும் எழுதினீங்களா?"

"இன்னும் காரணம் தெரியல ஹசீனா. தெரிஞ்சபின்னாடி எழுதலாம்னு..."

"தெரியறதுக்கு முன்னாடியே மொதத் தடவ எழுதினீங்கல்ல?"

ஒவ்வொன்றாகச் சோதித்து வருகிறோம், எல்லாவற்றையும் பார்த்தாயிற்று என்றேன்.

"எல்லாத்தையுமா?" என்றார். "டீச்சருங்க ஊர் முழுக்க விடைத்தாள் திருத்துவீங்க. உங்க விடைத்தாள யாருங்க திருத்தறது? சரி வெக்கறேன், ஐசியூ லைன் வருது."

ஜூன் 20, வியாழன்

காலை வேலை முடித்து, மே மாதக் காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் இருபத்திரண்டு வரியையும் எழுதினேன். எதையும் பார்க்காமல். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அது என்ன செய்கிறது என்று எழுதினேன், முதல்முறை படிக்கிற மாணவியைப் போல.

சில்லுக்குள் பதிவகங்கள் என்று சின்னச் சின்ன அறைகள் உண்டு. கணக்கு நடப்பது அங்கேதான். ஒரு பணியை நிறுத்தும்போது அறைகளில் இருப்பதையெல்லாம் நினைவகத்தில் எடுத்து வைக்கவேண்டும், அடுத்த பணி உள்ளே வந்து அதே அறைகளைப் பயன்படுத்தும். சில அறைகளைச் சில்லு தானே எடுத்து வைக்கும். மீதியை நாம் எடுத்து வைக்கவேண்டும். ஒன்று முதல் பதினோராம் வரி வரை எடுத்து வைப்பது. பன்னிரண்டு முதல் இருபத்திரண்டு வரை திரும்ப வைப்பது. எல்லாம் சரி. பழைய சில்லுக்கு எல்லாம் சரி.

புதுச் சில்லில் தசமக் கணக்குக்கென்று தனியாக முப்பத்திரண்டு அறைகள். பாதியைச் சில்லே பார்த்துக்கொள்ளும். மீதிப் பதினாறு நம் பொறுப்பு. என் இருபத்திரண்டு வரியில் அந்தப் பதினாறைப் பற்றி ஒரு சொல் இல்லை.

வேகப் பணி பாதிக் கணக்கில் 0.4 என்று ஓர் அறையில் வைத்திருக்கிறது. முறை மாறுகிறது. பேட்டரிப் பணி வருகிறது. வழக்கமாக ஒன்றும் செய்யாமல் போய்விடும். சதவீதம் மாறும் கணத்தில் மட்டும் நீளமான தசமக் கணக்குப் போட்டு, அதே அறையில் 0.84 என்று விட்டுவிட்டுப் போகிறது. வேகப் பணி திரும்பி வருகிறது. தன்னை யாரும் நிறுத்தியதே அதற்குத் தெரியாது. 0.84 வேகத்தில் போ என்கிறது. வரம்புக்குள் இருக்கும் எண்தான், என் புது வரம்புச் சோதனை வணக்கம் சொல்லி உள்ளே விடும். பட்டறையில் சார்ஜரில் இணைத்தபடி சக்கரத்தை அந்தரத்தில் சுற்றவிட்டபோது பேட்டரி இறங்கவேயில்லை. அதனால் பாயவில்லை. சரிவில் சீக்கிரம் இறங்கும்.

ஹசீனா இதை ஆறாம் தேதியே சொன்னார். இந்த டைரியில் என் கையாலேயே எழுதியிருக்கிறேன்.

அந்தப் பதினாறு அறைகளைப் பற்றி எனக்குத் தெரியும். கடைசி இரண்டு வருடம் வகுப்பில் சொல்லவும் செய்தேன். "தசமம் போடற சில்லு வந்தா இன்னும் ஆறு வரி சேரும்" என்று வாயால் சொன்னேன். எழுதவில்லை. பலகையில் இடமில்லை.

இதையும் எழுதிவிடுகிறேன். பிப்ரவரியில் நாச்சிமுத்து போன் செய்தான். புதுச் சில்லுக்கு மாறுகிறோம், சுவிட்சில் ஏதாவது மாற்றவேண்டுமா, ஒரு போர்டு அனுப்புகிறேன், பார்த்துச் சொல்லுங்கள் என்றான். அப்போது மாமியார் திவசத்துக்கு வடை தட்டிக்கொண்டிருந்தேன். "ஒரு வரி கூட மாத்தவேண்டாம்" என்றேன். போர்டு வந்தது. அலமாரியில் இருக்கிறது. பெட்டியின் டேப்பைக் கூடப் பிரிக்கவில்லை.

ஜூன் 21, வெள்ளி

டேப்பைப் பிரித்தேன்.

ஊகத்தை வைத்துக்கொண்டு ஒருமுறை கையெழுத்துப் போட்டது போதும். இரண்டு குட்டிப் பணிகள் எழுதினேன். ஒன்று 1.5-ஐப் பத்துத் தடவை கூட்டும். 15 வரவேண்டும். மற்றது 2.25-ஐ நாலு தடவை கூட்டும். 9 வரவேண்டும். வந்த விடையை அச்சிட்டுவிட்டு மறுபடி ஆரம்பிக்கும். எவ்வளவு நேரம் ஆகுமோ என்று ஒரு டம்ளர் காபியும் உரிக்கவேண்டிய சின்ன வெங்காயமும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

15. 9. 15. 9. 15. 9. 12.75.

மூன்று நொடி கூட ஆகவில்லை. 6.75, அதாவது மூன்று 2.25, மற்றப் பணியினுடையது; மேலே நாலு ஒன்றரை, ஆக 6, இந்தப் பணியினுடையது. ஒருவர் தட்டில் இன்னொருவர் சாப்பிட்டிருக்கிறார்.

ஆறு வரி சேர்த்தேன். மறுபடி ஓடவிட்டேன். வெங்காயம் உரித்து, சாம்பார் வைத்து, சாப்பிட்டு, பாத்திரம் தேய்த்து, மூன்று மணி நேரம் கழித்துப் பார்த்தேன். பதினைந்தும் ஒன்பதும் மட்டும்தான்.

இவர் எட்டிப் பார்த்தார். "என்ன சுலோ, பாஸா?"

"ஃபெயிலுங்க" என்றேன். "இப்பத்தான் தெரிஞ்சது."

ஜூன் 22, சனி

பட்டறையில் நாச்சிமுத்துவை உட்காரவைத்து ஓட்டிக் காட்டினேன். முதலில் இருபத்திரண்டு வரியோடு, பிறகு இருபத்தெட்டோடு. வெகுநேரம் திரையையே பார்த்தான். பிறகு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தான்.

"புதுசாப் போட்டு எல்லா நாற்காலியிலயும் ஏத்திரலாமுங்க மேடம். 'மென்பொருள் மேம்படுத்தப்பட்டது'ன்னு ஒரு லெட்டர் குடுத்தறலாம்."

"அந்தப் பழைய அறிக்கை?"

"அது... அது பாட்டுக்கு இருக்கட்டுமுங்க."

"அது இருக்கற வரைக்கும் ஹசீனா கை தவறினவ."

"மேடம், அறக்கட்டளைக்காரங்க கேட்டா ஆர்டரே போயிருமுங்க. பதினாலு பேர் வேலை செய்யறாங்க இங்க. அதுவும் போவட்டும். உங்க பேரு? எங்க செட்டுல எவனக் கேட்டாலும் சுலோச்சனா மேடம் சுவிட்சுன்னா..." நிறுத்திக்கொண்டான்.

"பிப்ரவரியில நீ கேட்டே."

"கேட்டனுங்க."

"நான் என்ன சொன்னேன்?"

டீ டம்ளரைத் தள்ளி வைத்தான். இந்த நாலு மாதத்தில், டயரில் நாற்காலி மோதிய அன்றுகூட, அவன் அதைச் சொல்லிக் காட்டவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

"சொல்லு நாச்சிமுத்து."

"ஒரு வரி கூட மாத்த வேண்டாம்னீங்க."

"அதையும் அறிக்கையில எழுதறேன். நீ கேட்டதும், நான் பாக்காம சொன்னதும். பதினாலு பேருக்கும் அதுதான் பாதுகாப்பு. விழாவைத் தள்ளிப்போடச் சொல்லு. நாற்பது நாற்காலியும் சரிவுல ஓடி, நம்பர் மாறி, பாயாம நின்னாத்தான் வெளிய போகணும்."

"எத்தனை நாளுங்க தள்றது?"

"நாற்பதும் முடியற வரைக்கும்."

டீ ஆறிப்போயிருந்தது. குடித்துவிட்டு, "டைப் அடிக்கறனுங்க, சொல்லுங்க" என்றான்.

ஜூன் 25, செவ்வாய்

புது அறிக்கை ஒன்றரைப் பக்கம். முதல் வாக்கியம்: "ஜூன் 3 அன்று நான் கையெழுத்திட்ட அறிக்கை தவறானது." நிர்வாக அலுவலர் அறையில் ஹசீனாவை வைத்துக்கொண்டு நானே படித்தேன். "பயனாளர் காரணத்தைத் தொடக்கத்திலேயே சரியாகச் சொன்னார், நாங்கள் பதிவு செய்யவில்லை" என்ற இடத்தில் நிறுத்தினேன். அந்த வரியை முதலிலிருந்து படித்தேன்.

ஹசீனா அழவில்லை, நன்றியும் சொல்லவில்லை. "படிச்ச ஆளுக்குத் தப்புன்னு தெரிய பத்தொன்பது நாள் ஆச்சு. எனக்கு மூணாவது தடவயே தெரிஞ்சுபோச்சு" என்றார் அலுவலரைப் பார்த்து. எனக்கும் சேர்த்துத்தான்.

அலுவலர் கண்ணாடியைக் கழற்றினார். "இனிமே பாயாதுன்னு என்னம்மா உத்தரவாதம்?"

நான் வாயைத் திறக்கும் முன் ஹசீனா சொன்னார்: "நான் ஓட்டறேன். நீங்க நின்னு பாருங்க. நம்பர நானே சத்தமாப் படிக்கறேன்."

புது நிரல் ஏற்றிக் கொண்டுபோயிருந்த நாற்காலியில், சரிவில் முப்பத்தொரு தடவை ஏறி இறங்கினார். தொண்ணூற்று எட்டிலிருந்து எழுபது வரை ஒவ்வோர் எண்ணும் மாறும்போது உரக்கப் படித்தார். வார்டு பாய்கள், வெளிநோயாளிகள், கான்டீன்காரர் என்று கூட்டம் சேர்ந்துவிட்டது. எண்பதுக்குக் கீழே போனபின் அவரோடு சேர்ந்து கூட்டமே எண்ணியது. நான் சுவரோரம், போன மாதம் அவர் மோதிய இடத்தில் நின்றேன். பாய்ந்தால் என் மேல் பாயட்டும் என்றுதான் நின்றேன். இதை வீட்டில் சொல்லவில்லை.

பாயவில்லை.

"எழுவது" என்று சொல்லி நிறுத்தினார். "போதுங்களா சார்? லைன் காத்திட்டிருக்கு."

ஜூன் 28, வெள்ளி

மருத்துவமனைக் கடிதம் ரத்து. ஹசீனா நாற்காலியோடு வேலைக்குப் போகிறார். அறக்கட்டளைக்காரர்கள் கோபப்பட்டார்கள், விழாவைத் தள்ளினார்கள், ஆர்டரை ரத்து செய்யவில்லை. பன்னிரண்டு நாற்காலி சரிவில் ஓடி முடிந்தது. இன்னும் இருபத்தெட்டு.

நேற்று ஹசீனாவிடம் ஒன்று கேட்டேன், பட்டறைக்குச் சம்பளத்தோடு சோதனை ஓட்டுநராகச் சனிக்கிழமைகளில் வரமுடியுமா என்று. "அறிக்கைய நான் எழுதறதா இருந்தா வர்றேன்" என்றார். நாச்சிமுத்து ஒப்புக்கொண்டுவிட்டான்.

ஜூலை 1, திங்கள்

பாலிடெக்னிக்குக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். நோட்ஸ் இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் பீரோவிலிருந்து ஒரு தாள்கட்டு எடுத்தார். "சுலோச்சனா மேடம் நோட்ஸுங்களா? நல்லா ஓடுதுங்க. திருப்பூர், ஈரோட்டுல இருந்தெல்லாம் வந்து வாங்கிட்டுப் போறாங்க. போன வாரம் ஒருத்தர் ஏதோ ஆஸ்பத்திரி மிஷின் பண்றேன்னு ரெண்டு செட்டு."

யார் என்று அவருக்குத் தெரியவில்லை. நான்தான் அந்த மேடம் என்று சொல்லி, முதல் பக்கமாக ஒரு தாள் வைக்கச் சொன்னேன். வைக்கிறேன் என்றார். ஏற்கெனவே போனதெல்லாம் எங்கே இருக்கிறதோ, எதற்குள் ஓடுகிறதோ. பழைய மாணவர்கள் முகவரி கிடைத்தவரை நூற்றுப் பதினாறு. இன்றிலிருந்து ஒவ்வொருவராக எழுதப்போகிறேன். அவர்கள் தமக்குத் தெரிந்தவர்களுக்கு அனுப்பட்டும்.

தாளில் எழுதியது இது:

'இந்த நோட்ஸில் உள்ள இருபத்திரண்டு வரி சுவிட்சை எழுதியவள் நான். தசமப் பதிவகங்கள் உள்ள சில்லுகளில் அது தவறாக வேலை செய்யும். எனக்குத் தெரிந்திருந்தும் நான் எழுதி வைக்கவில்லை. அதனால் ஒருவர் கை முறிந்தது. சேர்க்கவேண்டிய ஆறு வரி பின்பக்கம் இருக்கிறது. அதைக் கூட நான் சொன்னேன் என்பதற்காக நம்பவேண்டாம். ஒன்று 1.5-ஐப் பத்துத் தடவையும் மற்றது 2.25-ஐ நாலு தடவையும் திரும்பத் திரும்பக் கூட்டும்படி இரண்டு பணிகளை எழுதி, உங்கள் சில்லில் ஒன்றாக ஓடவிட்டு, பதினைந்தும் ஒன்பதும் தவிர வேறு எண் வருகிறதா என்று பாருங்கள்.'